பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது, பெங்களூரில் யாரிடம் கொடுக்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அப்பாவுடைய பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் பைக்கை இப்போது நான் ஓட்டுகிறேன். தனியாகப் போனால் பரவாயில்லை. பின்னால் அம்மா உட்கார்ந்தால் அப்படியே அமுங்கி, அல்சூர் பக்கம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் டயர் மட்கார்டில் உரசுகிறது.

ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் அட்ஜஸ்டரைக் கடைசிப் படி வரை திருப்பியாயிற்று. அது வண்டியைக் கொஞ்சம் தூக்குமே தவிர, தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பலம் தராது. இடது ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறது. சீட்டை அமுக்கி விட்டால் உடனே நிற்காமல் இரண்டு மூன்று முறை குதிக்கிறது. அதனால் குதிப்பை அடக்கும் எண்ணெய்ப் பகுதியான டேம்பரும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகித் தருகிறேன் என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சுற்றுகள் வேலை செய்யாது, பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக இடுப்புக்கு வரும். அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி.

வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் புது ஜோடியே வாங்கிவிடலாமா? அப்படியென்றால் மேல் புஷ்ஷிலிருந்து (ஷாக்கை வண்டியில் மாட்டும் துளையில் இருக்கும் வளையம்) கீழ் புஷ் வரை நீளம் சரியாகப் பொருந்த வேண்டும். இல்லை, பழையதையே பிரித்து சீல், ஆயில், ஸ்பிரிங் மாற்றித் தரும் நல்ல கைக்காரர் யாராவது இருக்கிறாரா? செய்து பார்த்தவர்கள் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.