மார்கழியில் குளிரே இல்லை: ஊசிவால் வாத்துகள் வராததற்கு அதுதான் காரணமா?

ஆயக்கட்டுக்காரன் (காவேரிப்பாக்கம்):

வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் கரைமேல் நின்று வாத்துகளை எண்ணி நோட்டில் எழுதிவைப்பது அப்பாவின் பழக்கம். அவர் போய் ஆறு வருடமாகிறது. நான் அதை விடவில்லை.

போன வருடம் அந்த ஒரு காலையிலேயே ஊசிவால் வாத்து இருநூறுக்கு மேல் இருந்தது. இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. மதகுப் பக்கம் நீலச்சிறகி பதினொன்று, நம் ஊர்ப் புள்ளிமூக்கு வாத்து சில ஜோடி, ஒரு கூட்டம் நாமக்கோழி, அவ்வளவுதான். மார்கழி பாதி கடந்தும் அப்படியே இருக்கிறது.

தண்ணீருக்குக் குறைவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனது, அதாவது மிகுந்த தண்ணீர் வழிந்தோடியது; இன்னும் தளும்பத்தான் நிற்கிறது. பனிதான் இல்லை. காலையில் வரப்பில் நடந்தால் வேட்டி நனைய வேண்டிய மாதம் இது. இரண்டு நாள்தான் நனைந்தது. கம்பளி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. குளிர் குறைந்தால் வாத்துகள் வலசை போவதையும் குறைத்துக்கொள்ளும் என்று பத்தாவது படிக்கும் மகள் சொல்கிறாள். நம் ஊரில் குளிராததால்தான் வரவில்லையா? இனி வராமலே போய்விடுமா? அப்பாவின் நோட்டில் ஊசிவாலுக்கு நேரே சுழியம் எழுத எனக்குக் கை வரவில்லை.

கோட்டைவாசி (வேலூர்):

சதுப்பேரியிலும் குறைவுதான். ஆனால் நான் குளிரைக் குற்றம் சொல்ல மாட்டேன். குப்பையும் ஆகாயத்தாமரையும் தண்ணீரை மூடிக் கிடந்தால் வாத்து எங்கே இறங்கும்?

வாணியம்பாடிப் பெண் (இப்போது ஹெல்சிங்கி):

அண்ணா, உங்கள் மகள் சொல்வதை நான் இங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜனவரி என்றால் ஹெல்சிங்கிக் கரையோரக் கடல் உறைந்து, மேலே ஆட்கள் நடந்துபோவார்கள். 2020 ஜனவரியில் அது உறையவே இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. தெற்கே போயிருக்க வேண்டிய பச்சைத்தலை வாத்துகள் எங்கள் குடியிருப்புக்கு எதிரே கறுத்த தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன. பின்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் சில வகை வாத்துகள் முப்பது வருடங்களில் பெருகிவிட்டன. பிரான்ஸ், சுவிட்சர்லாந்துப் பக்கம் அதே வகைகள் குறைந்துவிட்டன. அவை அழியவில்லை. பாதி வழியிலேயே தண்ணீர் கிடைப்பதால் அங்கேயே நின்றுவிடுகின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (வாலாஜா):

தம்பி, மகள் சொன்னது சரி. ஆனால் எந்த ஊர்க் குளிர் என்று பார்க்க வேண்டும். நம் மார்கழிப் பனி வாத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் சொந்த ஊரில் தண்ணீர் உறைகிறதா, மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடுகிறதா என்பதுதான் அதற்கு முக்கியம்.

அதிலும் எல்லா வாத்தும் ஒன்றல்ல. பச்சைத்தலை வாத்து பனி வந்து துரத்தும்வரை நகராது. கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்தும் ஏறக்குறைய அப்படித்தான். இமயத்தைத் தாண்டும் பறவை அது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே இனத்தில் ஒரு பெருங்கூட்டம் இமயத்தைத் தாண்டாமல், தெற்குத் திபெத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அறுத்த பார்லி வயல்களை மேய்ந்தே குளிர்காலத்தைக் கழித்துவிடுகிறது. குளிர் தாங்கும்படியாக இருந்து, கீழே தானியமும் சிந்திக் கிடந்தால் அது ஏன் மலை ஏற வேண்டும்?

நீலச்சிறகி இதற்கு நேர்மாறு. பகல் குறுகத் தொடங்கியதுமே, இரை இருக்கும்போதே கிளம்பிவிடும். புரட்டாசியிலேயே நம்மிடம் வந்துவிடுகிறது. உன் ஏரியில் அந்தப் பதினொன்று இருப்பதில் எனக்கு வியப்பில்லை. ஊசிவாலும் முந்திக் கிளம்பும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது முட்டையிடும் சைபீரியாவில் குளிர் எவ்வளவு குறைந்தாலும் ஏரி கல்லாக உறையத்தான் செய்யும். வழியில் எங்காவது தங்கலாம், ஆனால் கிளம்பாமல் இருக்க முடியாது.

எனக்குச் சந்தேகம் உன் ஏரியின் தண்ணீர்மேல்தான். ஊசிவால் முக்குளிக்கும் பறவை அல்ல. தலையைக் கீழே விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் சேற்றைத் துழாவி விதையும் கிழங்கும் தின்னும். ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அதற்கு எட்டாது. ஏரி தளும்புகிறது என்கிறாய். கரையோரம் ஆள் முழுகும் ஆழம் இருக்குமே! 2016இல் மழை பொய்த்து எங்கள் ஊர்ச் சித்தேரி வெடித்துக் கிடந்தபோதும் வாத்து இல்லை, பிறகு கோடி போன வருடங்களில் கரைப் பக்கம் பார்த்தபோதும் இல்லை. நவரைப் பட்டத்து நெல்லுக்கு மதகு திறந்து, தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்த பிறகுதான் வந்து இறங்கின.

கரையிலிருந்து எண்ணியது போதாது, கரைக்கு எதிரே ஆழமில்லாத உள்வாய்க்குப் போய்ப் பார். சுழியமாகவே இருந்தாலும் எழுது. பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதிலும் சேர்த்துவிடு. வராத வருடத்தையும் எழுதிவைத்தால்தான் வந்த வருடத்துக்கு அர்த்தம்.

ஆயக்கட்டுக்காரன்:

ஐயா, இன்று விடியற்காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு உள்வாய்க்குப் போனேன். கோரைக்கு நடுவே முட்டியளவுத் தண்ணீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கறுப்பு முட்கள் நட்டாற்போல் வால்கள், எல்லாம் நேர்குத்தாக! தலை தூக்கிய ஆண் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தோம். காப்பிக் கொட்டை நிறத் தலை, கழுத்தோரம் வெள்ளைக் கோடு, அலகிலிருந்து சேறு ஒழுகிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வரை எண்ணினோம். போன வருடத்து இருநூறு இல்லை, ஆனாலும் சுழியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு முப்பதடி தள்ளி இரண்டு மூங்கிலுக்கு நடுவே நைலான் வலை கட்டியிருந்தார்கள். நாமக்கோழி ஒன்று இறக்கை பின்னிக்கொண்டு உயிரோடு தொங்கியது. அரிவாளால் இழை இழையாக அறுத்து விட்டேன். மகள் வழியெல்லாம் பேசவில்லை. யாரிடம் சொல்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வனத்துறையிடம் சொல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதே குற்றம். மூங்கிலைப் பிடுங்காதே, அப்படியே படம் எடுத்துவை. ஞாயிறு ஐந்தரை மணிக்கு நானும் வருகிறேன். பைனாகுலர் கொண்டுவருகிறேன், மகளையும் வரச் சொல்.