உதவி: கம்பஸில திறக்கிற கட்டுரை வீட்டில காசு கேட்குது

ஒட்டுசுட்டான்_பிள்ளை:
கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாய பீடத்தில படிக்கிறன். ஆய்வு இரணைமடுக் குளத்து நீர்ப்பாசனம் பற்றி. கம்பஸ் வைஃபையில, ஆய்வுக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்கொலரில தேடினா பிடிஎஃப் உடனே இறங்குது. லீவுக்கு ஊருக்கு வந்து போன் டேட்டாவில அதே கட்டுரையைத் திறந்தா டொலரில காசு கேட்குது. ஏன்? ஸ்கொலர் இருக்கேக்க லைப்ரரி தரவுத்தளங்களிலயும் தேடத்தான் வேணுமோ? ஸ்கொலர் மட்டும் காணாது எண்டு சேர் விடுறாரில்லை.

வவுனியா_அண்ணை:
தங்கச்சி, ஸ்கொலர் கட்டுரை எங்க கிடக்கு எண்டு காட்டுறதோட சரி. சந்தா கட்டுறது லைப்ரரி. கம்பஸ் இணைப்பின்ர ஐபி முகவரியை (இணையத்தில அதின்ர அடையாள எண்) கண்டுதான் பதிப்பாளர் உள்ள விடுறார், போன் டேட்டாவில வந்தா நீர் ஆரெண்டு அவருக்குத் தெரியாது.

ஸ்கொலர் செட்டிங்ஸில லைப்ரரி லிங்க்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. பல்கலைக்கழகப் பேரைத் தேடி, டிக் போட்டு, சேவ் பண்ணும். பேர் வராட்டி லைப்ரரி அந்த இணைப்பைக் குடுக்கேல்லைப் போல. வந்தாலும் வெளியில இருந்து லொகின் கேட்கும், அதால ரிமோட் அக்ஸஸ் (வெளியில இருந்து லைப்ரரிக் கணக்கால உள்ள போற வசதி) இருக்கோ எண்டு நூலகரிட்டக் கேளும். இன்னொண்டு: கம்பஸில நிக்கேக்க உம்மட கூகுள் கணக்கோட ஸ்கொலரைப் பாவிச்சா, சில பதிப்பாளர்கள் பிறகு வெளியிலயும் கொஞ்சக் காலம் விடுவினம்.

காசு கட்டிப்போடாதையும்! தலைப்புக்குக் கீழ 'ஆல் வேர்ஷன்ஸ்' எண்டதை அமத்தும். எழுதினவையே இலவசப் பிரதி போட்டிருக்கிறது கனக்க.

வயல்காரன்:
சேர் சொல்லுறதில ஞாயம் இருக்கு. ஸ்கொலர் எத்தினை ஆயிரம் முடிவு எண்டு சொன்னாலும் முதல் 1000க்கு மேல காட்டாது. துறைவாரியாப் பிரிக்கவும் ஏலாது. மாநாட்டுக் கட்டுரை, ஆய்வேடு, தரமில்லாத இதழ் எல்லாம் ஒண்டாக் கிடக்கும். தரவுத்தளத்தில பாடத்தலைப்பு (கட்டுரை எதைப் பற்றி எண்டு குறிக்கிற நிலையான சொல்) வைச்சு இறுக்கித் தேடலாம், தேடின விதத்தை ஆய்வில எழுதவும் லேசு. ஆனா நல்ல கட்டுரை ஒண்டு அம்பிட்டா ஸ்கொலருக்கு வந்து 'சைற்றட் பை' பாரும். அதை மேற்கோள் காட்டின புதுசுகள் வரும், அதில ஸ்கொலரை அடிக்க ஆளில்லை.

இரணைமடுவை இங்கிலிஷில ரெண்டு விதமா எழுதுறவை, ரெண்டையும் போட்டுத் தேடும். உள்ளூர் இதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன், இலவசம். விவசாயத்துக்கு எஃப்ஏஓவின்ர (ஐநா உணவு விவசாய அமைப்பு) அகோரா எண்ட ஆய்விதழ்த் தளமும் இருக்கு, ஆனா லைப்ரரி பதிஞ்சிருந்தால்தான்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை:
நன்றி அண்ணை. ஆல் வேர்ஷன்ஸில முழுக் கட்டுரையே கிடக்கு! லைப்ரரி லிங்க்ஸ்தான் போனில காணேல்லை.

வவுனியா_அண்ணை:
இடப்பக்கம் மேல மூண்டு கோடு, அதுக்குள்ள செட்டிங்ஸ்.