மியூனிக்கில் பார்த்த ஓர் உய்குர் ஆவணப்படம்

உய்குர்கள் சீனாவின் வடமேற்கிலுள்ள சின்ஜியாங்கைச் சேர்ந்த முஸ்லிம் இனத்தவர். வெளிநாடுகளில் வாழும் அவர்களின் அமைப்பான உலக உய்குர் காங்கிரஸின் தலைமையகம் ஜெர்மனியின் மியூனிக்கில்தான் இருக்கிறது. உய்குர் குடும்பங்களும் அங்கே நிறைய. வேலை நிமித்தமாக அந்த ஊரில் இருந்தபோது, சின்ன அரங்கு ஒன்றில் 'ஆல் ஸ்டாட்டிக் அண்ட் நாய்ஸ்' திரையிட்டார்கள். டேவிட் நோவாக் இயக்கி 2023-இல் வந்த படம்.

அதில் முக்கியமாக வருபவர் ஜவ்ஹர், பொருளாதாரப் பேராசிரியர் இல்ஹாம் தோத்தியின் மகள். 2013 பிப்ரவரியில் இருவரும் அமெரிக்கா கிளம்பும்போது பெய்ஜிங் விமான நிலையத்தில் அப்பாவை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண் தனியாக விமானம் ஏறுகிறாள். அடுத்த ஆண்டே தோத்திக்கு ஆயுள் தண்டனை. உய்குர்களும் நாட்டின் பெரும்பான்மையினரான ஹான் சீனர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று இணையதளம் நடத்திய மனிதர்மேல் பிரிவினைவாதக் குற்றச்சாட்டு! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

படம் முடிந்ததும் யாரும் புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். முகம் தெரிந்தால் ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு ஆபத்து.

பக்கத்தில் இருந்த உய்குர் பெரியவரிடம், 2016-இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் வந்த 'நான் சின்ஜியாங்கிலிருந்து வருகிறேன்' தொடரைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சின்ஜியாங்கின் ஹோட்டான் ஊர்க்காரரான குர்பான்ஜான் சமத் எடுத்தது. பிழைப்புக்காகச் சீனாவின் மற்ற ஊர்களுக்குப் போன சின்ஜியாங் மக்களின் கதைகள். பெரியவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"முழுசாகப் பார்த்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாளைக்கும் அங்கேயே குடியிருக்க வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி பேசுகிறார்கள்" என்றார்.

2017-இல் அவருடைய தங்கை, சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியில் அவரை நீக்கிவிட்டாராம். அதோடு பேச்சு நின்றுபோனது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த உய்குர்கள் பலருக்கும் இதுதான் நடந்தது. அப்புறம் சின்ஜியாங் நகரமான காஷ்கர் என்று பெயர் போட்ட எந்த வீடியோவையும் அவர் விடுவதில்லை, சுற்றுலா விளம்பரம் உட்பட. கடைத்தெருக் காட்சி வந்தால் நிறுத்தி, பின்னால் நடந்து போகிறவர்களின் முகங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பாராம்.

நோவாக்கின் படத்தில் எனக்கு ஒரு குறை. சாட்சி மேல் சாட்சியாக வருவதால் ஒருவர் வீட்டிலும் நிதானமாக உட்கார முடியவில்லை. சமத்தின் தொடரில் அந்த நிதானம் உண்டு, ஆனால் கைது, உய்குர்களை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம் என்ற பேச்சே கிடையாது. முடிந்தால் இரண்டையும் பாருங்கள், தொடரை முதலில்.