மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் லைவ்: ஒரு மைக்செட்காரனின் சந்தேகம்

சவுண்ட்சர்வீஸ்_அயனாவரம்

எல்லோருக்கும் வணக்கம். அயனாவரத்தில் 26 வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஆடி முழுக்க அம்மன் கோயில், டிசம்பரில் இரண்டு மூன்று சின்ன சபாக்கள். இங்கிலீஷ் பாட்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் திட்டக் கூடாது.

போன மாதம் ஒரு ரிசப்ஷன் வேலை. பாக்ஸ் எல்லாம் ஏற்றி முடித்து, வழக்கமாக செக்கிங்குக்குப் போடும் குத்துப்பாட்டைப் போட்டேன். மாப்பிள்ளையோட ஃபிரெண்டு ஒரு தம்பி வந்து, "அண்ணே, இதைப் போட்டுப் பாருங்க" என்று தன் போனை நீட்டினார். மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்று ஒரு அமெரிக்க அம்மா. 'லைவ் இன் லண்டன்' என்ற ஆல்பம். மண்டபத்தில் ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலி நாற்காலிதான் நானூறு.

கிட்டார் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து கேபிளை மாற்றினேன். அப்பவும் நடுங்கியது. இன்னொரு கேபிள். அதுவும் அப்படியே. அந்தத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அண்ணே, அது கோளாறு இல்ல, வாசிக்கிறதே அப்படித்தான்."

அப்புறம்தான் குரலைக் கேட்டேன். அடித்தொண்டைக் குரல். ஒரு வரி முடிந்து அடுத்த வரி ஆரம்பிப்பதற்குள் மைக்குக்குள் 'ஹ்ம்' என்று ஒரு உறுமல், கூடவே ஒரு சிரிப்பு. மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்கிறது. நம்ம மேடையில் யாராவது இப்படிப் பாடினால் நான் உடனே பேஸைக் குறைத்து, எக்கோவை ஏற்றி, ஆளைக் காப்பாற்றிவிடுவேன். என் வேலையே அதுதான். இங்கே யாரும் எதையும் மூடி மறைக்கவில்லை. வயசு 79 என்று அந்தத் தம்பி சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவங்க சின்ன வயதில் ஸ்டுடியோவில் பாடியதையும் தேடிக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தக் கிழக் குரல்தான் பிடிக்கிறது. குரல் தேய்ந்த பிறகு ஒருத்தர் எப்படி இன்னும் நன்றாகப் பாட முடியும்? அந்தக் கைத்தட்டல் நிஜமா, அப்புறம் ஒட்டியதா? இதே மாதிரி வேறு என்ன கேட்கலாம்?

இன்னொன்று. நான் கேட்கிற ஆப்பில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்போது கைத்தட்டல் பாதியில் அறுந்துபோகிறது. யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி. காசு கட்டித்தான் கேட்கிறேன். இதற்கு ஏதாவது வழி உண்டா?

பெரம்பூர்_குவார்ட்டர்ஸ்

தம்பி, கேபிளை மாற்றினீர்களே, அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுதுகிறேன்.

அந்த நடுக்கத்துக்கு ட்ரெமலோ என்று பெயர். ஆம்ப்ளிஃபயரே வால்யூமை வேகமாக ஏற்றி இறக்கும். அது அவங்க அப்பா பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸின் அடையாளம். மிசிசிப்பியில் பருத்திக்காட்டில் வேலை செய்து, அங்கேயே ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு) கிட்டார் பழகி, பிழைப்புக்கு சிகாகோ வந்த மனிதர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்ச் சர்ச்சாகப் பாட ஆரம்பித்தது 1948 வாக்கில். ப்ளூஸ் வாசித்த கையால் பக்திப் பாட்டு வாசித்தார். 2000இல் இறந்துவிட்டார். லண்டன் கச்சேரியில் வாசிப்பவர் ரிக் ஹோம்ஸ்ட்ரோம். பல வருடமாக மேவிஸோடு இருக்கிறார், பாப்ஸின் அந்த நடுக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு. குரல் தேய்ந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1956இல் அந்தக் குடும்பத்தின் ரெக்கார்டு ரேடியோவில் வந்தபோது, அந்தக் கட்டைக் குரல் ஒரு டீன்ஏஜ் பெண்ணுடையது என்றால் பலர் நம்பவில்லை. ஆம்பளை, இல்லாவிட்டால் வாட்டசாட்டமான பெரிய பொம்பளை என்று நினைத்தார்கள். அதாவது 17 வயதிலேயே அது கிழக் குரல்தான். மேலே ஏறிக் காட்டி கைத்தட்டல் வாங்கிய குரல் இல்லை. ஏறாதவருக்கு இறங்கும் கவலை எதற்கு?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் கறி உருண்டைக் குழம்பு கொதிக்கும்போது ரெக்கார்டு போடுவார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுப் பழகிய காது இது. வாசனையும் சேர்ந்து வந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று சொல்கிறேன், கேட்கும்போது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லண்டன் கச்சேரி 2018 ஜூலையில். அதே வருடம் ஏப்ரலில்தான் மேவிஸின் அக்கா இவான் இறந்தார். பல வருடம் பக்கத்தில் நின்று கூடப் பாடியவர், மேடைக்கு வெளியே கணக்கு வழக்கெல்லாம் பார்த்தவர். மூன்று மாதத்தில் தங்கை மேடையில் நின்று சிரித்துக்கொண்டு பாடுகிறார். நீங்கள் சொன்ன அந்த 'ஹ்ம்' எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் தெரியாது.

நாலுகட்டை

சார், நான் மாம்பலத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். ப்ளூஸ் அவ்வளவாகத் தெரியாது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி முழுசாகக் கேட்டேன்.

நம் கச்சேரியிலும் இது உண்டே. பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவோம். வயதானால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வோம், வெட்கமில்லாமல். டி.கே. பட்டம்மாள் சின்ன வயதிலேயே கீழ்ச் சுருதிக்காரர், அதனால்தான் அவருக்குக் கடைசிவரை அந்த கம்பீரம் நின்றது என்று நினைக்கிறேன். செம்மங்குடி 90 வயதைத் தொட்டும் பாடினார். தொண்டை ஒத்துழைக்காத இடத்தில் சங்கதியை, அதாவது ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவதை, சுருக்கிக்கொள்வார், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது பிசகாது.

மேவிஸிடமும் நான் கேட்டது அதைத்தான். வரியை முழுசாகப் பாடுவதில்லை. பாதியை விட்டுவிடுகிறார், பின்னால் பாடுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் மூச்சும் வாங்கிக்கொள்கிறார், தாளத்துக்கு உள்ளேயும் நிற்கிறார். என் மாணவிகள் இருபது வயதில் மூச்சு விடவே பயப்படுகிறார்கள். நாளைக்கு வகுப்பில் இதைப் போட்டுக் காட்டப் போகிறேன். பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

சார், ஒரு சண்டை மட்டும் போட்டுவிடுகிறேன். வயதானவர் பாடினால் உடனே எக்கோ ஏற்றுவேன் என்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். எங்களுக்கு எங்கள் சுருதியே காதில் விழுவதில்லை.

புளியந்தோப்பு_டேப்

அண்ணே, எங்க ஏரியாவுல சாவு வீட்டுல கானா பாடுறவங்களக் கேட்டிருப்பீங்க. ராத்திரி முழுக்கப் பாடி விடியக்காலம் தொண்டை கிழிஞ்சப்புறம்தான் பாட்டே ஆரம்பிக்கும். அப்ப ஒரு அம்பது வயசு ஆள் பாடுற நாலு வரி, சாயங்காலம் கணீர்னு பாடுன பையன எங்கயோ தூக்கிப் போட்டுரும். ப்ளூஸும் அதேதான்.

பெரம்பூர்_குவார்ட்டர்ஸ்

தொண்டை விஷயம் சரி தம்பி. ஆனால் 'அதேதான்' வேண்டாம். கானா இறந்தவரைப் பற்றிப் பாடும், பேர் சொல்லிப் பாடும். மேவிஸ் பாடுவது சர்ச்சில் வளர்ந்த பாட்டு. தலைவர் ஒரு வரி, சபை ஒரு வரி. அதற்குக் கிட்டத்தில் வருவது வில்லுப்பாட்டு. அங்கே 'ஆமா' போடுகிறவர் இல்லாவிட்டால் கதை நகராது. லண்டனில் அந்த 'ஆமா'வைக் கூட்டமே போடுகிறது.

புளியந்தோப்பு_டேப்

சரி பெரியவரே, ஆமா.

ட்ராக்பதினாறு

வடபழனியில் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். டெக்னிக்கல் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஆப் பிரச்சினை: செட்டிங்ஸில் 'க்ராஸ்ஃபேட்' (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கேப்லெஸ்' (இடைவெளி இல்லாமல் ஓடுவது) என்று இருந்தால் ஆன் பண்ணுங்கள். பாட்டை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். லைவ் ஆல்பத்தை ஷஃபிளில் கேட்பது, சாப்பாட்டில் மோருக்கு அப்புறம் சாம்பார் ஊற்றுவது மாதிரி.

கைத்தட்டல்: மேடை மைக்குகள் தனி, கூட்டத்தைப் பார்த்து வைக்கும் மைக்குகள் தனி. அப்புறம் மிக்ஸிங்கில் கூட்டத்தின் சத்த அளவை ஏற்றி இறக்குவோம். 60களில் ஸ்டுடியோ பாட்டுக்கே கைத்தட்டல் ஒட்டி 'லைவ்' என்று விற்றதெல்லாம் உண்டு. இது அப்படி இல்லை. லண்டன் யூனியன் சேப்பல், இன்றும் ஆராதனை நடக்கிற சர்ச். எண்கோணக் கூடம், மர பெஞ்சு, சுமார் 900 பேர். இரண்டு ராத்திரி பதிவு செய்து 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அண்ணன் எக்கோ பட்டனில் தேடுவதை அந்தக் கட்டடமே கொடுக்கிறது.

அடுத்து என்ன கேட்கலாம் என்றால், என் ஓட்டு பி.பி. கிங்கின் 'லைவ் இன் குக் கவுன்டி ஜெயில்'. 1970இல் சிகாகோ ஜெயிலில் கைதிகள் முன்னால் வாசித்தது. ஆரம்பத்திலேயே ஷெரிஃப் பெயரையும் நீதிபதி பெயரையும் அறிவிப்பார்கள். கைதிகள் 'ஊஊ' என்று கத்துவார்கள். அதை யாரும் ஒட்ட முடியாது. பிறகு சாம் குக் 1963இல் மயாமியில் ஒரு கிளப்பில் பாடியது. குரலில் முரடு அதிகம் என்று கம்பெனி 1985 வரை வெளியிடவே இல்லை. அரீத்தா ஃபிராங்க்ளின் 1971 ஃபில்மோர் வெஸ்ட், அதில் ரே சார்ல்ஸ் திடீரென்று மேடைக்கு வருவார். மேவிஸே வேண்டும் என்றால் 2008இல் சிகாகோவில் ஒரு குட்டி பாரில் பாடிய 'ஹோப் அட் தி ஹைட்அவுட்'. லண்டனைவிட நெருக்கம், வியர்வை கேட்கும். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

சவுண்ட்சர்வீஸ்_அயனாவரம்

எல்லோருக்கும் நன்றி. க்ராஸ்ஃபேட் ஆறு செகண்டில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். பூஜ்யம் ஆக்கினேன். இப்போது பாட்டுக்கு நடுவில் அவங்க பேசுவது முழுசாகக் கேட்கிறது. இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, ஆனால் கூட்டம் எங்கே சிரிக்கிறது என்பது புரிந்தது.

நேற்று குடோனில் ஒரே ஒரு பாக்ஸை மட்டும் போட்டு, பேஸைக் குறைக்காமல், எக்கோ இல்லாமல் கேட்டேன். அவங்க மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவதும் தள்ளிப் பிடிப்பதும் காதிலேயே தெரிகிறது. பக்கத்தில் வரும்போது குரல் கனக்கிறது, சத்தமாகப் பாடும்போது கையை நீட்டிவிடுகிறார். மிக்சரில் நான் செய்கிற பாதி வேலையை அவங்க மணிக்கட்டு செய்துவிடுகிறது. என்கிட்ட வேலை பார்க்கும் பையன் கேட்டுவிட்டு, "இந்தப் பாட்டிக்கு நாம தேவையே இல்லண்ணே" என்றான்.

பாட்டு டீச்சர் மேடம், எக்கோ விஷயத்தில் மன்னித்துவிடுங்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஒரு சஷ்டியப்தபூர்த்தி, பெரியவரே இரண்டு பாட்டு பாடுகிறாராம். எக்கோ போட மாட்டேன், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மானிட்டர் பாக்ஸ் ஒன்று கூடுதலாக எடுத்துப் போகிறேன். குட்டியானை வண்டி வந்துவிட்டது. பாக்ஸ் ஏற்ற வேண்டும். ஜெயில் கச்சேரியை ராத்திரி திரும்பி வரும்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன்.