குடலில் கரைய வேண்டிய மாத்திரைப் பூச்சு அமிலத்திலேயே விரிசல் விடுகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பிஎச் 5.5-க்கு மேல் கரையும் மெத்தக்ரிலிக் அமிலப் பாலிமரின் நீர்க்கலவையை மாத்திரைகள் மீது பூசி, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் வைத்துச் சோதித்து வருகிறேன். பூச்சு கரையவில்லை, ஆனால் மாத்திரையின் விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, அதன் வழியே அமிலம் புகுந்து, மாத்திரை உப்பிவிடுகிறது. பிஎச் உயரும்போது பாலிமரின் கார்பாக்சில் தொகுதிகள் அயனியாகி, நீரை ஈர்த்துக் கரைவதே இப்பூச்சின் இயக்கம்; அமிலத்தில் அது நிகழாது. ஆகவே என் சந்தேகமெல்லாம் படலத்தின் நெகிழ்வின் மீதுதான். படலத்தை நெகிழ்வாக்கும் ட்ரைஎத்தில் சிட்ரேட்டைப் பாலிமர் எடையில் 10 சதவீதம் சேர்த்திருக்கிறேன். அதைக் கூட்டுவதா, அல்லது பூசியபின் 40 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்துப் பாலிமர் துகள்களை நன்கு ஒன்றிணையச் செய்வதா? இச்சிக்கலைத் தீர்த்தவர்கள் எதை முதலில் மாற்றினீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.