வீட்டில் செய்த கிடார் கேபிள்: பீப் சோதனையில் சரி, ஆனால் சத்தம் மங்கலாக வருகிறது

ஆறுதந்தி:
வணக்கம். முதல் தடவையா சொந்தமா ஒரு கிடார் கேபிள் செஞ்சேன். 5 மீட்டர் இன்ஸ்ட்ருமென்ட் கேபிள், ரெண்டு முனையிலும் கால் இஞ்ச் மோனோ ஜாக். நடுக்கம்பியை டிப்ல (ஜாக்கோட நுனி) வச்சேன், சுத்தி இருக்கிற ஷீல்டை (வெளிச் சத்தம் உள்ள வராம தடுக்கிற கம்பிப் பின்னல்) ஸ்லீவ்ல (நுனிக்குப் பின்னால இருக்கிற தண்டு) வச்சேன். மல்டிமீட்டரை பீப்ல போட்டுப் பார்த்தா டிப்புக்கும் டிப்புக்கும் பீப் வருது, ஸ்லீவுக்கும் ஸ்லீவுக்கும் வருது, டிப்புக்கும் ஸ்லீவுக்கும் வரல. எல்லாம் சரின்னுதான் நினைச்சேன்.

ஆம்ப்ல மாட்டினா போர்வையைப் போட்டு மூடின மாதிரி சத்தம். ட்ரெபிளே (உச்சஸ்தாயி கூர்மை) இல்ல, வால்யூமும் கொஞ்சம் கம்மி. ஹம் இல்ல, கரகரப்பு இல்ல. அதே நீளத்துல கடையில வாங்கின கேபிள் பளிச்சுனு கேக்குது. ரெண்டு முனையையும் பிரிச்சு மறுபடி சால்டர் பண்ணியாச்சு. துளி மாற்றம் இல்ல. நாலு நாளா மண்டை காயுது, யாராவது வழி சொல்லுங்க.

ராகமாலை:
சால்டர் சரியா பிடிக்காம இருக்கலாம் ப்ரோ. ஈயம் கம்பியோட வழிஞ்சு படிஞ்சிருக்கா, இல்ல உருண்டையா மேல உட்கார்ந்திருக்கா பாருங்க. அயர்னை ஈயத்து மேல வைக்காதீங்க. ஜாக்கோட தகட்டை முதல்ல சூடாக்கி, அந்தச் சூட்டுல ஈயம் உருகணும்.

மேடைப்பின்னால்:
சால்டர் பிடிக்காவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும், கேபிளை ஆட்டினால் கரகரக்கும். இப்படி ஒரே சீராக மங்காது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) ட்ரெபிளைக் குறைக்கும் என்பது உண்மை. சாதாரணமாக மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும். ஆனால் அதே நீளத்தில் இன்னொரு கேபிள் நன்றாக ஒலிக்கிறது என்கிறீர்கள். அதனால் அதைக் கடைசியில் பார்க்கலாம். ஒன்று செய்யுங்கள் நண்பரே: இதே கேபிளில் ஒரு கீபோர்டை மாட்டி வாசித்துப் பாருங்கள்.

ஆறுதந்தி:
பார்த்தேன் சார். கீபோர்டுல ரெண்டு கேபிளும் ஒரே மாதிரிதான் இருக்கு! அப்போ கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

மேடைப்பின்னால்:
இல்லை, டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கீபோர்டின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு இருக்கும் மின்தடை) சில நூறு ஓம் அல்லது அதற்கும் குறைவு. சின்னக் கசிவு அதை ஒன்றும் செய்யாது. கிடார் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி) அப்படி இல்லை. முடி போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள் அது. ட்ரெபிள் பக்கம் போகப்போக அதன் இம்பீடன்ஸ் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஆம்ப்பின் கிடார் உள்ளீட்டை வழக்கமாக 1 மெகாஓம் அளவில் வைக்கிறார்கள். நடுவில் சில பத்து கிலோஓம் கசிவு உட்கார்ந்தால் முதலில் போவது ட்ரெபிள்தான்.

பீப் சோதனை இதைக் காட்டாது. மீட்டரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறக்குறைய சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் அது கத்தும். ஓம் அளவில் போட்டு, டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே எவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஆறுதந்தி:
6.4 கிலோஓம் காட்டுது.

மேடைப்பின்னால்:
கிடார் மாட்டியே இருந்ததா? அப்படியென்றால் நீங்கள் அளந்தது பெரும்பாலும் பிக்கப் சுருளை. இரண்டு முனையையும் கழற்றிக் கேபிளை மேசைமேல் தனியாக வையுங்கள். மீட்டர் ஊசிகளின் உலோக நுனியில் விரல் படக்கூடாது. பட்டால் உங்கள் உடம்பின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆறுதந்தி:
ஆமா, கிடார்லதான் இருந்துச்சு. கழட்டிட்டு அளந்தேன்: 38 கிலோஓம். ஒரு ஜாக் பக்கத்துல கேபிளை வளைச்சா 45 வரைக்கும் போய்த் திரும்பி வருது.

மேடைப்பின்னால்:
அகப்பட்டது. நல்ல கேபிளில் அந்த இடத்தில் மீட்டர் எதையும் காட்டக்கூடாது.

ஷீல்டைப் பிரித்தபின் நடுக்கம்பியின் உறைமேல் கறுப்பாக இன்னொரு மெல்லிய அடுக்கு இருந்ததா? பார்க்க வெறும் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது கார்பன் கலந்த, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். கேபிளை மிதித்தாலோ வளைத்தாலோ ஷீல்டும் உறையும் உரசி நிலைமின்சாரம் உண்டாகும். ஆம்ப்பில் அது தட்தட்டென்று கேட்கும். அந்த மின்னேற்றத்தை ஷீல்டுக்கே வடித்துவிடத்தான் இந்தக் கறுப்பு அடுக்கு. அது ஷீல்டை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு இருக்கிறது. நீங்கள் அதையும் வெள்ளை உறையையும் ஒரே வெட்டில் சீவியிருந்தால், அதன் விளிம்பு டிப் சால்டரில் போய் முட்டும். மறுபடி சால்டர் செய்தும் மாறாததற்குக் காரணம் அதுதான். இரண்டாம் தடவையும் அதே மாதிரிதான் சீவியிருப்பீர்கள்.

ஈயப்புகை:
மேடைப்பின்னால் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் முதல் மூணு கேபிளும் இப்படித்தான் போச்சு, அதனால சீவுற விதத்தைச் சொல்லிடறேன். கறுப்பு அடுக்கைக் கத்தியால அழுத்தி வெட்டாதீங்க. பிளேடை லேசா வச்சு, கேபிளை விரலால ஒரு சுத்து உருட்டினா கோடு விழும். அந்த இடத்துல மடக்கினா கோட்டுல விரியும், நகத்தால உருவிடலாம். டிப் சால்டர்ல இருந்து குறைஞ்சது 5 மில்லிமீட்டராவது வெள்ளை உறை மட்டும் வெறுமையா தெரியணும். கடைசியில நடுக்கம்பி 3 மில்லிமீட்டர் வெளிய வந்தா போதும்.

இன்னொன்னு, அயர்னை ரொம்ப நேரம் வைக்காதீங்க. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரியிலேயே முழுசா உருகிடும். அயர்ன் நுனி 350 கிட்ட இருந்தா ரெண்டு மூணு செகண்டுல வேலை முடிஞ்சிடணும். நேரம் போனா வெள்ளை உறை இளகிப் பின்னால சுருங்கும், நீங்க விட்ட 5 மில்லிமீட்டரும் காணாமப் போயிடும். கம்பி, தகடு ரெண்டுக்கும் முன்கூட்டியே ஈயம் பூசி வச்சிட்டா தொட்ட உடனே ஒட்டிக்கும்.

ஜாக்கோட மூடியை முதல்ல கேபிள்ல கோத்துட்டு அப்புறம் சால்டர் பண்ணுங்க. இதை மறந்தா எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும்.

ஆறுதந்தி:
செஞ்சு முடிச்சிட்டேன்! கறுப்பு அடுக்கு இருந்துச்சு, உறையோட ஒரு பகுதின்னே நினைச்சிருந்தேன். லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒரு முனையில அது இளகி ஈயத்துக்குள்ளயே புதைஞ்சிருந்தது. அந்த முனையைச் சரி பண்ணினதும் 38 இருந்தது 90 கிலோஓம் ஆச்சு. இன்னொரு முனையையும் சீவினேன், மீட்டர்ல ஒண்ணுமே இல்ல, திறந்த சர்க்யூட். கிடாரை மாட்டினதும் மெல்லிய தந்திகள் ரெண்டும் மணி மாதிரி கேக்குது. ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

புதுக்காது:
இதைப் படிச்சிட்டு என் மைக் கேபிளைப் பிரிச்சுப் பார்த்தேன், கறுப்பு அடுக்கு எதுவும் இல்ல. ஆனா எனக்கும் பிரச்சினை இருக்கு. நான் செஞ்ச ரெண்டு எக்ஸ்எல்ஆர் (மூணு பின் இருக்கிற மைக் பிளக்) கேபிளும் தனித்தனியா நல்லா இருக்கு. ரெண்டு மைக்கையும் பக்கத்துல வச்சுச் சேர்த்துத் திறந்தா குரல் மெலிஞ்சு போகுது, பேஸே இல்ல.

மேடைப்பின்னால்:
உங்களுடையது வேறு கதை. மைக் கேபிளில் பெரும்பாலும் அந்த அடுக்கு இருக்காது, தேட வேண்டாம். பின் 1 ஷீல்டு, 2 பாசிட்டிவ், 3 நெகட்டிவ். ஒரு கேபிளில் ஒரு முனையில் மட்டும் 2, 3 மாறியிருந்தால் அந்த மைக்கின் சிக்னல் தலைகீழாக வந்து மற்றதன் சிக்னலைக் குறைத்துவிடும். ஒவ்வொரு பின்னாக, எண்ணைப் பார்த்து அளந்து பாருங்கள்.

புதுக்காது:
அதேதான் சார்! ஒரு கேபிள்ல 2, 3 மாறியிருந்தது. எண்ணைப் பார்க்காம, வரிசையை மனசுல வச்சுக்கிட்டே சால்டர் பண்ணிட்டேன்.  சால்டர் பக்கத்துலயும் எண் பொறிச்சிருக்கு, டார்ச் அடிச்சாதான் தெரியுது.