மைதானத்தைக் கொடுத்தால் புது மைதானம் தருவார்களாம்: ஞாயிறுக்கு முன் ஆலோசனை தேவை

வலதுபக்க விங் (உப்புவெளி, திருகோணமலை):

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பொதுக்கூட்டம். நான்தான் செயலாளர். கூட்டத்துக்கு முன் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவடைய வேண்டியிருக்கிறது.

எங்கள் மைதானம் நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் வரும். மணல் தரை, ஓரத்தில் மூன்று வேம்பு. கோல் கம்பங்கள் பழைய தண்ணீர்க் குழாயை வெல்டிங் செய்து நட்டவை, அப்பாவின் காலத்தவை. கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கோல் விழும். 2004 சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் இதே மைதானத்தில்தான் கூடாரம் அடித்து இருந்தோம். அப்போது எனக்குப் பதினொரு வயது. கூடாரங்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் விளையாடித்தான் பந்தைக் காலோடு ஒட்டி வைத்திருக்கப் பழகினேன்.

காணி ஒரு பெரியவருடையது. "பிள்ளைகள் விளையாடட்டும்" என்று வாயால் சொன்னார், நான் பிறக்க முன்னரே. அவர் காலமாகிப் பல வருடம். பிள்ளைகள் வெளிநாட்டில். இப்போது ஒரு ஹோட்டல்காரர் காணியைக் கேட்கிறார். சும்மா வெளியேறச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கன்னியாப் பக்கம் ஒரு காணி எடுத்து, புல் தரை, உடை மாற்றும் அறை, மின்விளக்கு எல்லாம் போட்டுத் தருவோம் என்கிறார்கள். நாங்கள் இப்போதே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, வைகாசிக்குள் இடத்தை விட வேண்டுமாம். புது மைதானம் அடுத்த வருடமாம்.

நான் இங்கிலாந்துக் கழகமான கொவென்றி சிற்றியின் ஆதரவாளன். 2006இல் மாமா அனுப்பிய வான்நீல ஜேர்சியோடு தொடங்கியது. அந்தக் கழகம் சொந்த ஊரில் 32,000 பேர் இருக்கிற அரங்கத்தை வைத்துக்கொண்டு வேறு ஊரில் போய் விளையாடியதை இங்கிருந்து ஸ்கோர் பார்த்தே அனுபவித்தேன். ஏன் அப்படி ஆனது என்று முழுதாக இன்றுவரை விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், வாக்குறுதியை நம்பிப் பழைய இடத்தைக் கொடுத்த கழகங்கள் எப்படி முடிந்தன என்பதையும் சொல்லுங்கள். எங்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.


குன்றில் நின்றவன் (கொவென்றி, ஊர் பாலையூற்று):

தம்பி, இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. நான் 2003இலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ஹைஃபீல்ட் ரோட் என்ற பழைய மைதானத்தில் கடைசி இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன்.

பிழை தொடங்கியது நீங்கள் சொல்கிற அதே இடத்தில்தான். கழகம் 1899இலிருந்து விளையாடி வந்த மைதானம் அது. கடன் ஏறியதும், புது அரங்கம் எழும்ப முன்னரே பழையதை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். புது அரங்கத்திலும் கழகத்துக்கு ஒரு பங்கு இருந்தது, அதையும் காசுக்காகக் கைவிட்டார்கள். 2005இல் புதிய ரிக்கோ அரீனாவுக்குள் போனபோது கழகம் வெறும் வாடகைக்காரர். வாடகை வருடத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் பவுணுக்கு மேல். சாப்பாட்டுக் கடை, வாகனத் தரிப்பிடம், இவற்றில் வருகிற காசு அரங்கத்தை நடத்துகிற கம்பனிக்கு. பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று வீடுகள். எப்போதாவது அந்தத் தெருவால் போனால் காரை மெதுவாக்குவேன்.

2012இல் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அப்போதைய முதலாளிகள் வாடகையைக் கட்டாமல் நிறுத்தினார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை, மறுபடி வழக்கு. 2013இல் லீக் நிர்வாகம் பத்துப் புள்ளி வெட்டியது, அடுத்த பருவம் தொடங்கவே இன்னொரு பத்து. அந்தப் பருவத்தில் முதலாளிகள் அணியைச் 'சொந்த மைதானம்' என்று நோர்த்தாம்ப்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 35 மைல். திருகோணமலையில் இருந்து கந்தளாயையும் தாண்டிப் போய் உங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி யோசியுங்கள்.

அந்த அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. உள்ளே காசு கொடுத்துப் போக மனம் வராத நாங்கள் அதில் ஏறி நின்று பார்த்தோம். நான் மகனோடு ஏழு தடவை நின்றேன். ஒரு தடவை ஐஸ் மழை. பிள்ளைக்குப் பத்து வயது, கை விறைத்துப்போய் பிளாஸ்க் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. "அப்பா, நாங்கள் ஏன் உள்ளே போகக்கூடாது?" என்று கேட்டான். அங்கே அரங்கம் நிறையவில்லை, இரண்டாயிரம் பேர் வந்தால் பெரிது. நம் ஊரில் பெரிய அரங்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் என்ன பதில் சொல்வது?

2014 செப்டம்பர் 5, வெள்ளி இரவு, திரும்பி வந்தோம். ஜில்லிங்கத்தோடு ஆட்டம், 27,306 பேர். 1-0. அன்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சில வாரங்களில் அரங்கத்தை வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கழகம் வாங்கியது. 2019இல் மறுபடி இழுபறி, மறுபடி வெளியே. இம்முறை பேர்மிங்ஹாமில் இரண்டு பருவம். 2020இல் மூன்றாம் பிரிவின் சம்பியன் ஆனதே வேறொருவர் மைதானத்தில் வாடகைக்கு இருந்துதான். 2021 ஆகஸ்டில் ஊருக்கு வந்து, நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ற்றை தொண்ணூறு நிமிடம் கழிந்த பிறகு விழுந்த கோலால் 2-1 என்று வென்றோம். அடுத்த வருடம் அதே அரங்கத்தில் பொதுநலவாயப் போட்டியின் ரக்பி ஆட்டங்களை நடத்தி, புல் நாசமாகி, எங்கள் ஆட்டங்கள் தள்ளிப்போயின. வாடகைக்காரர் என்ன கேட்க முடியும்? பிறகு வாஸ்ப்ஸும் நொடித்தது, அரங்கம் இன்னொரு கைக்குப் போனது. கழகத்தின் இப்போதைய உரிமையாளர் 2025 ஆகஸ்டில்தான் அதை வாங்கினார். ஹைஃபீல்ட் ரோட்டை விட்டு இருபது வருடம்.

இதற்குள் முதலாளிகள் மாறினார்கள், பயிற்றுநர்கள் மாறினார்கள், அரங்கத்தின் பெயர்கூட மாறியது. வாடகைக்காரர் என்ற நிலை மட்டும் இருபது வருடமும் மாறவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. குறைந்தது அந்தக் கடிதத்தோடு போடாதீர்கள்.


எட்டாம் கட்டை:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். எல்லா இடமாற்றமும் நாசம் இல்லை. எவர்ட்டன் 1892இலிருந்து இருந்த குடிசன் பார்க்கை 2025இல் விட்டுத் துறைமுகப் பக்கம் புது அரங்கத்துக்குப் போனது. பழையதையும் இடிக்கவில்லை, பெண்கள் அணி அங்கே விளையாடுகிறது. நம் பிள்ளைகள் மணலில் வெறுங்காலோடு விளையாடிவிட்டு, கொழும்பில் புல் தரையில் பூட்ஸ் போட்டு ஓடும்போது முதல் இருபது நிமிடம் தடுமாறுகிறார்கள். புல்லும் விளக்கும் ஒருவர் தருகிறேன் என்றால் முகத்தைத் திருப்புவது சரியா? பேரம் பேசுங்கள். வேண்டாம் என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள்.


வலதுபக்க விங்:

அண்ணா, குன்றில் நின்ற கதையை இரண்டு தடவை வாசித்தேன். அந்தப் பருவத்தில் நான் இங்கே இருந்து "ஆதரவாளர் என்றால் எங்கே விளையாடினாலும் போக வேண்டும்" என்று மாமாவோடு சண்டை பிடித்தவன். இன்றிரவு அவருக்கு அழைப்பு எடுப்பேன்.

எட்டாம் கட்டை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பூட்ஸ் விஷயம் முழு உண்மை. ஆனால் எவர்ட்டன் புது அரங்கம் கட்டி முடித்த பிறகுதானே பழையதை விட்டது? எங்களை வைகாசியில் போகச் சொல்கிறார்கள். கன்னியாவில் இன்னும் பற்றை வெட்டவில்லை. நேற்று மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.


குன்றில் நின்றவன்:

அப்படியென்றால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் பிரைற்றன். 1902இலிருந்து இருந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995இல் நிர்வாகிகள் விற்றார்கள். போக வேறு இடம் கையில் இல்லை. 1997இல் கடைசி ஆட்டம், அந்த இடத்தில் கடைத்தொகுதி எழும்பியது. இரண்டு வருடம் எழுபது மைலுக்கு மேல் தள்ளி ஜில்லிங்கத்தில் விளையாடினார்கள். பிறகு ஊருக்குள் ஒரு ஓட்டப் போட்டி மைதானத்தில், தற்காலிகமாக. அந்தத் 'தற்காலிகம்' 2011 வரை நீண்டது. மொத்தம் பதினான்கு வருடம். இன்று பிரீமியர் லீக்கில் இருக்கிறார்கள், உண்மை. ஆதரவாளர்கள் தெருவில் இறங்கி, வருடக்கணக்காக மனு எழுதி, தேர்தலில்கூட நின்று போராடியதால் கழகம் பிழைத்தது. உங்கள் கழகத்தில் எத்தனை பேர்?


பழைய எழுதுவினைஞர் (திருகோணமலை நகரம்):

நான் முப்பது வருடம், காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் வேலை செய்தவன். உதைபந்தாட்டம் தெரியாது, காணி தெரியும்.

தம்பி, 'கடிதம்' என்கிறீர்கள். நம் நாட்டில் காணி விற்பதோ, ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்குக் கொடுப்பதோ, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. "கன்னியாவில் காணி தருவோம்" என்று வெறும் கடிதத்தில் எழுதினால், அதைக் கொண்டுபோய் அந்தக் காணியைக் கேட்க முடியாது. ஆனால் நீங்கள் இடத்தை விட்டு எழும்பிவிட்டால் விட்டதுதான். ஒரு பக்கம் மட்டும் உடனே நடக்கிற பேச்சு இது.

இன்னொன்று. பத்து வருடம் இருந்துவிட்டோம், ஆட்சி உரிமையால் காணி நமக்கே என்று யாராவது கூட்டத்தில் கத்துவார்கள். நம்பி இறங்காதீர்கள். உரியவர் அனுமதி தந்து நீங்கள் இருந்தால், எத்தனை வருடம் போனாலும் அது அனுமதிதான். பெரியவர் நல்ல மனதோடு வாயால் சொன்னதால் வந்த சிக்கல் இது. அன்றைக்கே ஒரு நன்கொடை உறுதி எழுதியிருந்தால் ஒரு பின்னேரத்து வேலை.

கன்னியாக் காணியின் உறுதியைக் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது, ஈடு ஏதும் உண்டா என்று. அரச காணி அனுமதிப்பத்திரமாக இருந்தால் அதை இப்படிக் கைமாற்றவே முடியாமல் போகலாம். அடுத்தது, கழகம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? உறுதி யார் பெயரில் எழுதுவது? செயலாளர் பெயரில் எழுதாதீர்கள், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள்.


கிண்ணியாக் கோல்கீப்பர்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும். உங்கள் மைதானத்தில் நான் மூன்று இறுதியாட்டம் விளையாடியிருக்கிறேன், ஒன்றில் தோற்றேன். வேம்புக்குப் பக்கத்துக் கோலில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், இப்போதும் இருக்கிறதா?

காசு, சட்டம் எல்லாம் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2009இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் நகரத்துக்கு ஆட வருவதென்றால் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையில், வர வேண்டும். அந்தப் பாதைக்குக் காத்து நின்றதை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கும். ஊரில் ஆடினால் ஆயிரம் பேர் நிற்பார்கள். நகரத்தில் ஆடினால் பதினொரு பேரும் பந்து தூக்குகிற இரண்டு பையன்களும். இருட்டும் முன் திரும்ப வேண்டும் என்பதால் மேலதிக நேரம் வந்தாலே பயம். நல்ல விளையாட்டுக்காரர் நாலு பேர் அந்தப் போக்குவரத்தினாலேயே விட்டுவிட்டார்கள். ஒருவன் என் மச்சான், என்னைவிட நல்ல கீப்பர்.

உங்கள் பிள்ளைகள் கரைவலை இழுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருகிறவர்கள். நான் பார்த்திருக்கிறேன், காலில் மணலோடு வருவார்கள். கன்னியாவுக்கு யார் கூட்டிப்போவது? திரும்ப யார் கொண்டுவந்து விடுவது? ஒரு தடவைக்கு மினிபஸ் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டத்தில் வாசியுங்கள் தம்பி.


வலதுபக்க விங்:

பள்ளம் இருக்கிறது நானா. ஒவ்வொரு மாரிக்கும் மூடுகிறோம், கச்சானுக்குத் திறந்துவிடுகிறது.

எழுதிய எல்லோருக்கும் நன்றி. மாமாவிடமும் பேசினேன். அவர் அந்தப் பருவம் முழுக்க ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லையாம், எனக்குச் சொல்ல வெட்கப்பட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிறு கூட்டத்தில் நான் இதைத்தான் முன்வைக்கப் போகிறேன். பெரியவரின் பிள்ளைகளோடு சண்டை வேண்டாம். முதலில் இதே மைதானத்தை அரைவாசியாவது கழகத்துக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்போம். ஹோட்டலுக்குக் கடல் பக்கம்தான் வேண்டும், வீதிப் பக்கம் குறுகலாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போதும். அது சரிவராவிட்டால்தான் கன்னியா. அதுவும் உறுதி கழகத்தின் பெயரில் எழுதி, பதிந்து, புல் வளர்ந்து, அங்கே ஒரு ஆட்டம் ஆடி முடித்த பிறகே இங்கிருந்து எழும்புவோம். பிள்ளைகளுக்கு வாகனச் செலவு எத்தனை வருடத்துக்கு என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுதுவினைஞர் ஐயா, கழகத்தின் பதிவுச் சான்றிதழைப் பழைய தலைவர் வீட்டு அலுமாரியில் தேடி எடுத்துவிட்டோம், கறையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. இலக்கம் தெரிகிறது. திங்கள் காலை பதிவகத்துக்குப் போகும்போது நீங்களும் கூட வர முடியுமா? மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எட்டரைக்கு நிற்பேன்.

எட்டாம் கட்டை, நீங்களும் ஞாயிறு வாருங்கள். சனி காலை ஆறு மணிக்கு அளவு நாடாவோடு மைதானத்தை அளக்கிறோம். வீதிப் பக்கத்துப் பாதியில் ஏழு பேர் ஆட இடம் வருமா என்று பார்க்க வேண்டும், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் தேவை.